ரெபேக்காள் அத்தையின் சீட்டு

என் அத்தை ரெபேக்காளை ஊரே சாது என்று சொல்லும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். இலஞ்சிக்கும் தென்காசிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊர் சபைப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக அதே ஒன்றாம் வகுப்பு. ஒழுகுகிற அறையை யார் தலையில் கட்டலாம் என்று பேச்சு வந்தால் அத்தை தலைதான். குற்றாலத்துச் சாரல் மூன்று மாதமும் அவள் மேஜைமேல் விழும்.

ஆண்டவர் சித்தம் கேட்காமல் அவள் எதையும் செய்யமாட்டாள். கேட்கிற வழி சீட்டு. ஒரு துண்டுத்தாளில் ‘செய்’, இன்னொன்றில் ‘வேண்டாம்’. இரண்டையும் சுருட்டி டம்ளரில் போட்டு, முழங்காலில் நின்று ஜெபித்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். எழுதுகிற கை எடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம். ஆகவே வேறு யாராவது எழுதித் தர வேண்டும். மீதிச் சீட்டைப் பிரித்தால் ஆண்டவரைச் சோதித்ததாகும் என்று இன்னொரு சட்டம். அது நேரே அடுப்புக்குப் போகும். சுரண்டையிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு ‘வேண்டாம்’ விழுந்தது. அத்தை கல்யாணமே இல்லாமல் நின்றுவிட்டாள். அந்த மாப்பிள்ளை பிற்பாடு தாசில்தார் ஆனார்.

1961இல் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பணிமூப்பு விதிப்படி அடுத்தது அத்தை. சபைக் காரியதரிசி ரத்தினமோ, பயிற்சி முடித்து மூன்று வருஷம்கூட ஆகாத தன் மருமகளை அந்த நாற்காலியில் உட்கார்த்திவிட்டார். நான் அப்போதுதான் பி.ஏ. முடித்து வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்த விதி, எந்தப் பிரிவு என்றெல்லாம் குறித்து ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் மனு எழுதினேன். தென்காசியில் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும் டெபுடி இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க அத்தையின் கையெழுத்து மட்டும் பாக்கி.

“கேட்டுப் பாக்கணும்லே,” என்றாள்.

“யாருகிட்ட?”

“உனக்குத் தெரியாதாக்கும்? சீட்டு எழுது.”

எழுதினேன். இரண்டிலும் ‘செய்’ என்றே எழுதினேன்.

அத்தை எடுத்துப் படித்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. ஆனாலும் அன்றைக்கே என்னோடு பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து மனுவைக் கொடுத்தாள்.

மறுவாரம் சபைக் கமிட்டி அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தது. நான் வாசலில் நின்றேன்.

“ஏட்டி ரெபேக்கா, உனக்கு வாயே கெடையாதுன்னுல்லா நெனச்சோம். இப்பம் இங்கிலீசுல பேசுதே!” என்றார் ரத்தினம். எல்லாரும் சிரித்தார்கள். “தாழ்மையா இருன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கியே, அந்தத் தாழ்மை நாற்காலியக் கண்டதும் ஓடிப் போச்சோ?”

“ஆண்டவர் செய்யச் சொன்னாரு அண்ணாச்சி, செஞ்சேன்.”

“மனுவத் திரும்ப வாங்கலன்னா திருவிருந்து கெடையாது, பாத்துக்கோ.”

“சரி அண்ணாச்சி. மனுவத் திரும்ப வாங்க மாட்டேன்.”

இரண்டு மாதம், மற்றவர்கள் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகையில் அவள் மட்டும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. அத்தை தலைமையாசிரியை. ரத்தினம் மூஞ்சியைப் பார்க்கவே நான் கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். ஆண்டவரே, எல்லாம் நீர் செய்தது, நீர் செய்தது என்று ஒரே ஸ்தோத்திரம். விதியைத் தேடியெடுத்தவன் நான். எனக்குப் பொறுக்கவில்லை.

“அவரு எங்க செஞ்சாரு? நான்லா செஞ்சேன்! ரெண்டு சீட்டுலயும் ‘செய்’யின்னுதான் எழுதிப் போட்டேன்.”

அத்தை கண்ணைத் திறந்தாள். எழுந்துபோய்க் காகிதம் எடுத்து, பதவி வேண்டாம் என்று எழுதினாள். மறுநாள் காலை குடையோடு புறப்பட்டவளை வாசலில் மறித்தேன்.

“உங்களுக்கு நடந்தது அநியாயம்தானே?”

“அநியாயந்தான்.”

“அப்பம் இன்னொரு தடவ சீட்டுப் போடுங்க. ஒழுங்கா எழுதித் தாரேன்.”

“கையில கெடச்ச பிறகு கேக்கதுக்குப் பேரு கேக்கதாலே? அவரு சொல்லாதத சொன்னாருன்னு நாலு பேரு முன்னால பேசிட்டு வந்திருக்கேன்.”

“நான் சொல்லுதேன், போகாதீங்க.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படி அவள் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை.

“எல்லாவனுக்கும் தலையாட்டுத பொம்பளன்னு நெனச்சிட்டியோ? ஒருத்தருக்குத்தாம்லே ஆட்டுதேன். ரத்தினத்துக்கும் இல்ல, உனக்கும் இல்ல. தள்ளு.”

தள்ளி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயிலில் எழுந்து நின்று, ஆண்டவர் பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அறிக்கையிட்டாள். என் பெயரை எடுக்கவில்லை. ரத்தினம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி “ஆமென்” போட்டார். திங்கட்கிழமை அத்தை பழையபடி ஒன்றாம் வகுப்பில் அகரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷம் நான் அவளோடு பேசவில்லை. அவள் உன்னை மன்னித்துவிட்டாள் என்று அம்மா வந்து சொன்னாள். மன்னிப்பு யார் கேட்டார்கள் என்றேன். கேட்க வேண்டியவன் நான்தான், கேட்கவே இல்லை.