என் விழாவுக்கு நான் செய்த பேனர்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவருக்குக் குடும்பத்தில் எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொள்ள அவரிடம் பேசிப் பார்க்க வேண்டியதில்லை. விசேஷ பேனரில் அவருடைய தலை எத்தனை பெரிதாக இருக்கிறது என்று பார்த்தால் போதும். இந்த விஷயம் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். அந்தத் தலைகளில் பாதியை வெட்டி ஒட்டியவள் நான்தான்.

சித்தப்பா மந்தாரக்குப்பத்தில் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டிசைன் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் டிசைன் அங்கே, பிரிண்ட் மட்டும் கடலூரில். அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சாயங்காலம் டியூஷன் முடிந்ததும் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்கள். நல்லது சித்தப்பாவுக்கு. இன்னொன்றின் மவுஸ் நான்கு முறை அழுத்தினால் ஒரு முறை கேட்கும் என்பதால் அதை எனக்குத் தாராளமாக விட்டுக்கொடுத்திருந்தார்.

யாரும் எனக்கு உட்கார்ந்து சொல்லித்தரவில்லை. சித்தப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. கீபோர்டில் அவர் விரல் எந்தக் கட்டைக்குப் போகிறது என்று பார்த்து நானும் அழுத்தினேன். தப்பாக அழுத்தியதில்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். முதலில் வந்தது கட்டிங். ஒருவரின் படத்தை அவர் பின்னால் இருக்கிற சுவர், கொடிக்கயிறு, காயும் லுங்கி இவற்றிலிருந்து பிரித்து எடுப்பதற்குக் கடையில் அப்படிப் பெயர். உடம்பின் ஓரமாகப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். தோளும் கையும் சுலபம். தலைமுடிதான் ஆளைக் கொன்றுவிடும். சித்தப்பா அவசரத்தில் முடியைச் சுற்றி ஒரே வளைவாக வெட்டிவிடுவார், அவர் பேனரில் எல்லாப் பெண்களும் ஹெல்மெட் போட்டதுபோல் இருப்பார்கள். சிலருக்குக் காதே இருக்காது. நான் ஒவ்வொரு சுருளாகப் பிரித்து எடுப்பேன். ஒரு வருடத்தில் அவரை மிஞ்சிவிட்டேன் என்று சொன்னால் தற்பெருமை மாதிரி இருக்கும். என்ன செய்வது, நடந்தது அதுதான்.

அடுத்தது லேயர். போட்டோஷாப்பில் பேனர் ஒரே படமாகத் தெரிந்தாலும் உள்ளே அப்படி இல்லை. கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல, பின்னால் அருவி ஒரு லேயர், அதன்மேல் அன்னம் ஒரு லேயர், அதன்மேல் ஆட்கள், எழுத்துகள் என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அந்தக் கண்ணைத் தட்டினால் அந்த லேயர் மட்டும் மறைந்துபோகும். ஆள் கோப்பில் பத்திரமாக இருப்பார், பார்க்கிறவர்களுக்குத் தெரியமாட்டார். இந்த வசதி மனிதர்களுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அப்போதே எனக்குத் தோன்றும்.

தோன்றியதற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் நான் பெரிய மனுஷி ஆனதாக வீட்டில் சொன்னார்கள். வீட்டளவில் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். சொந்தபந்தத்தைக் கூட்டி மண்டபத்தில் செய்கிற மஞ்சள் நீராட்டு விழாவைப் பரீட்சை லீவுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். விழா என்றால் பேனர். பேனர் என்றால் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாப்.

என் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த அக்கா ஒருத்திக்கு அதே இடத்தில் பேனர் வைத்திருந்தார்கள். பட்டுப்புடவையில், ஒட்டியாணத்தோடு, ஆளுயரத்துக்கும் மேலே அவள் படம். கீழே ‘எங்கள் வீட்டு இளவரசி’ என்று தங்க எழுத்து. விழா முடிந்து மாதக்கணக்கில் அது இறங்கவில்லை. பஸ்ஸில் வரும் பையன்கள் எல்லாரும் அவளை இளவரசி என்றுதான் கூப்பிட்டார்கள். பாவம், அவள் காலையில் வேனை விட்டு இறங்கும்போதே தலையைக் குனிந்துகொண்டுதான் இறங்குவாள். அந்தப் பேனரில் அவளை வெட்டி ஒட்டியது நான். நல்ல வேலைதான், முடி பிரமாதமாக வந்திருந்தது. எனக்கும் அப்படி ஒன்று வந்துவிடக் கூடாது என்று உயிரே போகிற மாதிரி இருந்தது.

அப்பாவிடம் பேனர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வைக்கிறார்கள், நான் வைக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்றார். சித்தப்பாவிடம் சொன்னேன். பேனர் கடைக்காரன் அண்ணன் மகளுக்கே பேனர் இல்லையென்றால் நாளைக்கு எவன் கடைக்கு வருவான் என்று அவர் கேட்டார். கடைசியில் அடுப்படியில் அம்மாவிடம் போய் அழுதேன். பையன்கள் பார்ப்பார்கள், நான் எப்படிப் பள்ளிக்கூடம் போவேன் என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா வெண்டைக்காய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தாள். சரி, இவளும் அந்தக் கட்சிதான் என்று முடிவுகட்டிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கழுவிக்கொண்டு நேரே கடைக்குப் போய், என் பேனரை நானே டிசைன் செய்கிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். லீவு சமயம், கல்யாண ஆர்டர் கழுத்துவரை இருந்தது. நடுவில் என் படத்தைப் பெரிதாக வைத்து, பின்னால் அருவியைப் போட்டு, மிச்சத்தைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் தள்ளிவிட்டார். திரையில் நான் பட்டுப்பாவாடையில் ஆளை விழுங்குகிற உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தேன். 

அப்போது சேத்தியாத்தோப்பிலிருந்து தாய்மாமா வந்தார். விழாவுக்குச் சீர் கொண்டுவருகிறவர் என்பதால் அவர் தலைக்கு முதல் மரியாதை. புல்லட்டில் கூலிங்கிளாஸ் போட்டு உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். நான் வண்டியை வெட்டிவிட்டுத் தலையை மட்டும் வட்டத்தில் வைத்திருந்தேன். திரையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

“சீரு எடுத்துகினு வர்றது நானு. என் தலைய இம்மாத்தூண்டு வெச்சிக்கிற. வண்டி எங்க பாப்பா?”

வண்டியோடு அவரை வைக்க இடம் வேண்டும். இடத்துக்கு எங்கே போவது? நடுவில் நான்தான் தாராளமாக நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கொஞ்சம் சுருக்கினேன். மாமா புல்லட்டோடு உள்ளே வந்தார். அந்த நிமிடத்தில் எனக்குப் பொறி தட்டியது.

பிறகு நான் யாரிடமும் மறுத்துப் பேசவே இல்லை. மாமா அந்த அளவுக்கு வந்தால் நாங்கள் என்ன கிள்ளுக்கீரையா என்று அப்பாவோடு பிறந்த அத்தை போன் செய்தாள். அத்தையும் அத்தை வீட்டுக்காரரும் வளர்ந்தார்கள், நான் இடுப்புவரை ஆனேன். பெரியப்பா, தான் ரிட்டயர் ஆனபோது சால்வை போர்த்தி எடுத்த படத்தைக் கொடுத்தார். சால்வை அகலமானது, அதை வெட்டினால் கோபித்துக்கொள்வார், எனவே நான் கழுத்துவரை ஆனேன். அப்பா தன் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் ஹெல்மெட்டோடு நிற்கிற குரூப் போட்டோவை நீட்டினார். ஹெல்மெட்டை வெட்டுவதுபோல் சுகமான வேலை உலகத்தில் கிடையாது. ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டேன்.

எல்லாரையும்விட அதிகப் படம் கொண்டுவந்தது அம்மா. அதுவரை பேனர் பக்கமே திரும்பாதவள், நான் மாமாவைப் புல்லட்டோடு ஏற்றிய கதையை ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னதற்கு மறுநாளிலிருந்து தினம் ஒரு படம் கொடுத்தாள். வடலூரில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா, அதாவது என் பெரியம்மா, அந்தப் பெரியம்மாவின் மருமகன், வளையமாதேவிச் சொந்தம், எதிர் குவார்ட்டர்ஸ் தெலுங்கு மாமி என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. எல்லாம் போனிலிருந்து எடுத்த சின்னப் படங்கள். பெரிதாக்கினால் உடைந்துவிடும் என்று சித்தப்பா முனகினார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“இவங்களையும் போட்டுடு. விட்டா கோச்சிக்குவாங்க” என்பாள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இத்தனை சொந்தப் பாசம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்கு நேரம் இல்லை. எனக்குத் தேவை தலைகள். அவள் கொண்டுவந்து கொட்டினாள், நான் அடுக்கினேன். கடைசியில் தெலுங்கு மாமியின் தோளுக்கும் பெரியப்பாவின் சால்வைக்கும் நடுவில் ஒரு பொட்டு அளவுக்கு என் முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பொட்டு அளவு முகம் பார்க்க அசிங்கமாக இருந்தது. டிசைன் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா? என் லேயரின் கண்ணைத் தட்டி மூடினேன். அந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கை வைத்தேன். இளவரசி என்ற எழுத்தைத் தங்கத்தில் போட்டு, என் பெயரை மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிட்டே வந்து பார்த்தால்தான் தெரிகிற அளவில் கீழே எழுதினேன். விளக்குக்கு நிழலெல்லாம் கொடுத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்தாலும் அதில் குறை சொல்ல முடியாது.

கடலூருக்கு அனுப்புமுன் சின்னதாக ஒரு பிரிண்ட் எடுத்து வீட்டில் காட்டச் சொன்னார் சித்தப்பா.  ஒருவர் நிமிர்ந்து பொண்ணு எங்கே என்று கேட்டால் போதும், எல்லாம் போச்சு. தாள் கைமாறிக் கைமாறிப் போனது. சித்தப்பா ஓரத்தில் தன் கடை பெயரும் போன் நம்பரும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். மாமா புல்லட்டைப் பார்த்தார். அத்தை தன் தலையையும் மாமாவின் தலையையும் விரலால் அளந்து பார்த்தாள். அப்பா ஷிப்ட் ஆட்களைப் பெயர் சொல்லி எண்ணினார். எல்லாருக்கும் திருப்தி.

கடைசியாக அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தாள்.  விளக்கின் மேல் விரல் வைத்தாள்.

“வெளக்குக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் காலியா கெடக்குது பாரு. வடலூர் அக்கா மூஞ்சியப் பெருசாக்கி அங்க வெச்சிடு. வேற யாராவது வந்து எதையாவது வெக்கச் சொல்லப் போறாங்க.”

தப்பித்தேன் என்று கடைக்கு ஓடினேன். வடலூர்ப் பெரியம்மா தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தாள். பென் டிரைவ் கடலூர் பஸ் ஏறியது.

விழாவுக்கு முதல் நாள் மத்தியானம் பேனரைச் சவுக்குக் கம்பத்தில் ஏற்றிக் கட்டினார்கள். சித்தப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று இடுப்பில் கைவைத்து ரசித்தார். ரசித்துக்கொண்டிருந்தவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பக்கத்தில் வந்து பார்த்தார். மறுபடி தள்ளிப் போய்ப் பார்த்தார்.

“பாப்பா, இதுல நீ எங்க?”

“வெளக்குக்குப் பின்னாடி இருக்கேன் சித்தப்பா. லேயர் ஆஃப் ஆயிருச்சு போல.”

மறுபடி பிரிண்ட் போட நேரம் இல்லை. கழற்றவும் யாருக்கும் மனசில்லை, எல்லார் தலையும் அதில் இருந்தது. சித்தப்பா கம்ப்யூட்டரைத் திட்டினார். மாமா அத்தையைச் சொன்னார், அத்தை புல்லட்டைச் சொன்னாள். சேத்தியாத்தோப்பு பஸ்ஸிலிருந்து இறங்கிய என் வகுப்புப் பையன் ஒருவன் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, உங்க பெரியப்பா எலெக்‌ஷன்ல நிக்கிறாரா என்று என்னிடமே கேட்டான். ஆமாம் என்றேன். அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு அதன்பிறகும் அதிகம் கிடைத்ததில்லை.

விழா நன்றாக நடந்தது. மாமா சீர் தட்டுகளோடு வந்தார். வடலூர்ப் பெரியம்மா வரவில்லை. அம்மா கொண்டுவந்த படங்களில் இருந்தவர்கள் பாதிப் பேர் வரவில்லை. பேனரில் இவ்வளவு பெரிதாகப் போட்டும் வராதவர்கள் என்ன மனிதர்கள் என்று எனக்குக் கோபமாக இருந்தது. அவர்களுக்குப் பத்திரிகையே போகவில்லை என்பது, நான் காலேஜ் படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. அப்போது பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் இலையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் விழா முடிந்த அன்று சாயங்காலம் எனக்கு அதெல்லாம் தெரியாது. அப்பாவுக்குக் கோபம் ஆறவில்லை. கூடத்தில் சீர்ப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்தார்.

“கடைசியா கையில வெச்சிப் பாத்தது நீதானே? நடுவுல பொண்ணு இல்லன்னு தெரியலயா?”

“கம்ப்யூட்டர் படத்தப் பத்தி எனக்கென்னங்க தெரியும்” என்றாள் அம்மா, புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எங்க அக்கா நல்லா தெரியறாங்களான்னுதான் பாத்தேன்.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு அம்மாவைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. அத்தனை பெரிய பேனரில் நடுவில் ஆளே இல்லை என்பதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத அப்பாவி. லீவு முடிவதற்குள் அவளைக் கடைக்கு அழைத்துப்போய், ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டேன்.