காப்பக வாசலில் ஒரு பேனர்

அந்தப் பேனரைப் பார்த்ததுமே கிழித்தெறியத் தோன்றியது. கணவரின் அடிக்குத் தப்பி வரும் பெண்கள் யாருக்கும் தெரியாமல் தங்கும் கடலூர் வீடு அது. வாசல் பேனரில் கவுன்சிலர் கும்பிட்டபடி சிரிக்கிறார்! பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘பெண்கள் காப்பகம்’. சிதம்பரத்திலிருந்து நான் கூட்டிவந்து சேர்த்த பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா உள்ளேதான் இருந்தார்.

கிழிக்காமல், பேனரை எடுக்கச் சொல்லி மரியாதையாகக் கவுன்சிலருக்கு போன் செய்தேன். அதுதான் என் தப்பு.

“ஏம்மா, நிதி ஒதுக்கி பெயின்ட் அடிச்சுக் குடுத்திருக்கோம், நாலு பேருக்குத் தெரிய வேணாமா?” என்றார்.

அன்றிரவு அக்காவோடு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில் அக்காவின் கணவர் வந்து கதவை உதைத்தார். போலீஸ் வரும்வரை உள்ளிருந்த பெண்களும் நானும் முதுகை முட்டுக்கொடுத்து நின்றோம்.

“எடத்த எப்படிடா கண்டுபுடிச்ச?” என்று போலீஸ்காரர் கேட்டார்.

“அதான் இவ்ளோ பெருசா போட்டிருக்காங்களே சார்!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் நானே பேனரை அவிழ்த்தேன். இனி இந்த மாதிரி விஷயத்தில் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டேன்.

காப்பக வாசலுக்குக் காவலாள் போட மாநகராட்சியில் கேட்டால், “அதுக்கெல்லாம் நிதி இல்லம்மா” என்கிறார்கள். பேனருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அடுத்த மன்றக் கூட்டத்தன்று எங்கள் தெருப் பெண்களோடு மன்ற வாசலில் உட்காரப் போகிறேன். காவலுக்கு நிதி ஒதுக்கும்வரை எழுந்திருக்கப் போவதில்லை.