சீர்வரிசையில் ஒரு கிராபிக்ஸ் கார்டு

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அப்பா என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, பீரோ இரண்டு கதவா, மூன்று கதவா என்பதுதான். எனக்குப் பீரோவே வேண்டாம், அந்தக் காசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுங்கள் என்றேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று சொல்வதுபோல் அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

மதுரையில் தெருவுக்கு இரண்டு ப்ரவுசிங் சென்டர் முளைத்திருந்த வருடங்கள் அவை. பி.காம். முடித்துவிட்டு எங்கள் தெருமுனைச் சென்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். மத்தியான வெயிலில் ஒருவரும் வரமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கார் ரேஸ் விளையாடுவேன். விளையாடுவேன் என்பதைவிட, அதற்காகத்தான் வேலைக்கே போனேன் என்பது உண்மை. ஆனால் அங்கிருந்த கம்ப்யூட்டர்களுக்கு அந்த விளையாட்டு தாங்காது. வளைவு வந்தால் படம் திக்கித் திக்கி நகரும். நான் திருப்பி முடிப்பதற்குள் கார் சுவரில் முட்டி நிற்கும். தோற்றது நானா, அந்தப் பெட்டியா என்று தெரியாமலேயே இரண்டு வருடம் தோற்றேன். எனக்கு அது சகிக்கவில்லை. படம் திக்காத ஒரு மிஷின் எனக்கே எனக்கென்று வேண்டும் என்பது அப்போது என் ஒரே ஆசை.

மாப்பிள்ளை வீடு எழுமலை. மாமனார் உரக்கடை வைத்திருந்தார். பெண் கம்ப்யூட்டரோடு வருகிறாள் என்று கேட்டதும், கடையில் பில் போட ஆயிற்று என்று அவர் சந்தோஷப்பட்டதாகத் தகவல் வந்தது. எனக்குத் திக்கென்றது. நான் கார் ஓட்ட வாங்குகிற மிஷின் யூரியா மூட்டைக்குக் கணக்குப் போடப் போய்விடும் போலிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வாயைத் திறந்தால் வாயாடி என்று பெயர் வரும். முதலில் வாங்குவோம், பிறகு பார்ப்போம் என்று பேசாமல் இருந்தேன்.

அப்பாவின் கவலை வேறு. அவருக்கு இரும்புக்கடை. எதையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பார்.

"மண்டபத்துல பீரோ நிக்கிற எடத்துல என்னத்த வைக்கிறது தாயி? சபையில நாலு பேர் கண்ணுக்குத் தெரியணும்ல?"

"கம்ப்யூட்டர் தெரியும்ப்பா."

"எம்புட்டு உசரம் இருக்கும்?"

டவுன் ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிக்கடைக்குப் போனோம். கடைக்காரர் சௌராஷ்டிரக் குடும்பத்துக்காரர். பில் போடும் மேஜையில் அவர் மனைவி இருந்தார். விலை என்று வந்தால் இருவரும் அவர்கள் வீட்டுப் பாஷையில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். பேசி முடித்ததும் விலை கொஞ்சம் இறங்கும். அந்த அம்மா நமக்காகத்தான் பரிந்து பேசுகிறார் என்று அப்பா கடைசிவரை நம்பினார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கடைக்காரர் என் பக்கமே திரும்பவில்லை. எல்லாவற்றையும் அப்பாவிடமே சொன்னார்.

"பாப்பாவுக்கு எதுக்குண்ணே தனியா கிராபிக்ஸ் கார்டு? போர்டுலயே இருக்கு. அந்தக் காசுக்குப் பதினேழு இஞ்ச் மானிட்டர் போடுவோம். பெரிய ஹார்ட் டிஸ்க் போடுவோம். பாட்டு கேக்கலாம், படம் பாக்கலாம்."

"பாட்டு கேக்க வீட்டுல ரேடியோ இருக்குண்ணே," என்றேன். "கார்டுல மெமரி எம்புட்டுன்னு சொல்லுங்க."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அது தனியாக இல்லாவிட்டால் மதர்போர்டில் இருக்கிற சின்னச் சிப்பு அந்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு, போதாததற்கு ரேமிலும் பங்கு கேட்கும். சென்டரில் என் கார் சுவரில் முட்டியதெல்லாம் அதனால்தான். பிராசசர் நடுத்தரமாக இருந்தால் போதும், ரேம் மட்டும் இரண்டு மடங்காகப் போடுங்கள், ஹார்ட் டிஸ்க் இருப்பதிலேயே சின்னது, மிச்சமெல்லாம் கார்டுக்கு என்று நான் ஒப்பித்து முடித்தபோது, அவர் மனைவி பில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா மட்டும் மசியவில்லை. மானிட்டர் பெரிதாக இருந்தே ஆகவேண்டும் என்றார். உள்ளே ஒளிந்துகொண்டு கிடக்கிற ஒரு தகட்டுக்கு இத்தனை காசா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். சீர் என்பதே ஊர் பார்ப்பதற்கு வைக்கிறது. ஊர் பார்க்க முடியாத சீரை மதுரை ஜில்லாவில் யாரும் கொடுத்ததில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கடையில் அழக்கூடாது என்று ஒரு கீபோர்டை எடுத்துத் தட்டிப் பார்ப்பதுபோல் நின்றேன்.

அந்த நேரம் கடைக்காரர் உள்ளேயிருந்து கார்டை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். கார்டு என்னவோ உள்ளங்கை நீளம்தான். அது இருந்த அட்டைப்பெட்டி மிக்ஸி பெட்டி அளவுக்கு இருந்தது. பளபளவென்று அச்சடித்து, அதன்மேல் கவசம் மாட்டிய ஒரு பெண் வாளை ஓங்கிக்கொண்டு நின்றாள். அப்பா பெட்டியைத் தூக்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பெட்டியோடதான குடுப்பீக?"

"பெட்டி இல்லாம எப்படிண்ணே?"

"அப்ப இதையே போடுங்க."

மானிட்டர் பதினைந்து இஞ்சாகச் சுருங்கியது. மற்ற சாமான்களின் பெட்டிகளையும் ஒன்று விடாமல் கொடுக்கவேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒன்று பாக்கி. எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் கரண்ட் பெட்டி. கேபினெட் என்கிற வெளிக்கூட்டை வாங்கினால் அதற்குள்ளேயே ஒன்று சும்மா வரும். அப்பா அதைக் கழற்றச் சொல்லி ஒரு கையில் தூக்கினார். தனியாக விற்கிற இன்னொன்றை மறு கையில் தூக்கினார். சும்மா வந்ததைக் கீழே வைத்துவிட்டு, "இதுல சரக்கு இல்ல" என்றார். கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கனமில்லாத பெட்டிகள் கருகி நாறுவதைச் சென்டரில் பார்த்திருக்கிறேன். கனமானதையே போடச் சொன்னேன். அன்றைக்கு அப்பாவும் நானும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே சாமான் அதுதான்.

எல்லாவற்றையும் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ரேஸை ஓட விட்டேன். முதல் வளைவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினேன். படம் திக்கவில்லை. ரோட்டோரப் புல்கூட அசைந்தது. இரண்டு வருடமாகத் தோற்றது நான் இல்லை என்று தெரிந்துபோன அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. விளையாடி முடித்து எல்லாவற்றையும் அணைத்து ஓரமாக வைத்தேன். கேபினெட்டின் பக்கக் கதவுக்கு ஸ்குரூடிரைவர் தேவையில்லை, கையாலேயே திருகிக் கழற்றலாம். அது எவ்வளவு வசதி என்று அம்மாவுக்கும் காட்டினேன்.

கல்யாண மண்டபத்தில் அப்பா தன் கைவரிசையைக் காட்டினார். குத்துவிளக்கு, அண்டா, குடங்களுக்கு அடுத்து மானிட்டரும் கேபினெட்டும். அவற்றைச் சுற்றிக் காலிப் பெட்டிகள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரமாக ஏறி நின்றன. உச்சியில் வாளேந்திய பெண். யாரோ ஒரு சித்தி அவள் நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்தூரு அம்மன்?" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் அசராமல், "நம்ம பக்கம் இல்லண்ணே, அசலூரு" என்றார். இருந்தாலும் பீரோவைக் காணோமே என்று அந்தப் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுவீட்டுச் சடங்கெல்லாம் முடிந்து எழுமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமனார் அன்று காலையிலேயே கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னார். கூடத்தில் மேஜை போட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். மாமனார் நாற்காலியில், என் வீட்டுக்காரர் பக்கத்தில், மாமியார் அடுப்படி நிலைவாசலில். சுவிட்சை அமுக்கினேன். விளக்கு ஒருமுறை மினுங்கியது. ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. மறுபடியும் அமுக்கினேன். அதே அரைச் சுற்று.

"பீரோவா இருந்தா இந்தத் தொல்ல இல்ல," என்றார் மாமனார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. புதுப்பெண் என்பதை மறந்துவிட்டேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கேபினெட்டைத் தரையில் படுக்க வைத்துக் கதவைத் திருகிக் கழற்றினேன். குப்பென்று மஞ்சள் வாசம் அடித்தது. உள்ளே போர்டு முழுக்கப் பச்சரிசி இறைந்து கிடந்தது. ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கிழங்கு. கார்டுக்கு அடியில், போர்டின் கம்பிகளுக்குக் குறுக்கே, ஒரு ரூபாய்க் காசு.

யார் வேலை என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தை வெறுமையாக அனுப்ப மாட்டார்கள். குடமோ, அண்டாவோ, உள்ளே அரிசியும் மஞ்சளும் காசும் போட்டுத்தான் அனுப்புவது. கதவைத் திறந்து காட்டியபோது உள்ளே பாதி இடம் காலியாகக் கிடந்ததை அம்மா பார்த்திருக்கிறார். மகளை வெறும் பெட்டியோடு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. காசு குறுக்கே கிடந்து ஷார்ட் ஆனதும் அந்தக் கனமான எஸ்.எம்.பி.எஸ். தானாக நின்றுகொண்டதால் கார்டு பிழைத்தது. சும்மா வந்ததாக இருந்தால் கருகியிருக்கும்.

வெட்கமும் சிரிப்புமாக நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். என்ன சொல்வாரோ என்று பயந்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நெறைச்சுத்தான் அனுப்பிருக்காக. மொற தெரிஞ்சவுக," என்று சொல்லிவிட்டு முந்தானையை ஏந்தினார். "இதுல கொட்டு தாயி. சீரு அரிசிய கூட்டித் தள்ளக்கூடாது."

கேபினெட்டைச் சாய்த்து அரிசியை அவர் முந்தானையில் கொட்டினேன். மிச்சத்தைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் டார்ச் அடித்தார். காசை எடுத்து, கார்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டினேன். சுவிட்சை அமுக்கியதும் ஃபேன் முழுதாகச் சுற்றியது. திரையில் எழுத்து வந்தது. ரேஸைப் போட்டேன். சிவப்புக் கார் உறுமிக்கொண்டு கோட்டில் வந்து நின்றது.

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து துண்டை உதறிப் போட்டார். "சரி, ஓடுதுல்ல. சாயங்காலம் வண்டிய வரச் சொல்றேன், கடைக்கு ஏத்திரலாம்."

என் வீட்டுக்காரர், "அப்பா, அவ வந்து..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"கடைக்கெல்லாம் போகாது," என்றார் மாமியார். முந்தானையில் அரிசியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "அது அவ சீரு. நான் வந்த புதுசுல என் அண்டாவ பூச்சி மருந்து கலக்கணும்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனீக. நான் பேசாம இருந்தேன். இன்னமும் அது வீட்டுக்கு வரல."

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

மாமியார் அரிசியை ஒரு சொளகில் கொட்டி வைத்துவிட்டு வந்து, அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினார். தனக்கு ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுல எது நீ?"

"அந்தச் செவப்புக் காரு அத்தை."

"முன்னால ஒருத்தன் நிக்கிறானே, அவன விட்றாத," என்றார்.