ஆளில்லாத வீடுகளின் புல்

எங்கள் தோட்டத்தில் முனியாண்டி கோயில் திருவிழாவுக்கு முன்னால், தொழிலாளர் லயத்து வீடு ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் புல் வெட்டியாக வேண்டும். குழாயிலிருந்து பலாமரம் வரை முதல் வீடு, பலாமரத்திலிருந்து கல்தூண் வரை இரண்டாம் வீடு, இப்படியே கோயிலைச் சுற்றி வரும். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். லயத்தை இடித்தார்கள். ஆட்கள் சித்தியவான், சுங்காய் என்று சிதறிப்போனார்கள். பங்கு மட்டும் மாறவில்லை.

இந்த வருடமும் வாட்சப் குழுவில் வருகிறோம் என்று எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஞாயிறு காலை, ஈப்போவில் நான் வேலை பார்க்கும் டயர் கடையின் புல்வெட்டும் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினால், நானும் முனியாண்டியும்தான். புல் இடுப்பளவு நின்றது. மறுநாள் பந்தல்காரர் வருவார். தரை சுத்தமாக இல்லையென்றால் திருவிழாவை டவுன் கோயிலுக்கு மாற்றிவிடுவோம் என்று கோயில் தலைவர் முன்பே சொல்லியிருந்தார். ஒருதரம் மாற்றிவிட்டால் அப்புறம் ஒருவரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

கோயில் படியில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த நாசி லெமாக் சோற்றைத் தின்றேன். தின்றதில் புல் குறையவில்லை.

"நீயாவது எறங்கி வாயேன் லா. அருவாள வச்சிக்கிட்டு சும்மாதான நிக்கிற?"

முனியாண்டியின் மீசைகூட அசையவில்லை.

கடைசியில் முதல் வீட்டுப் பங்கில் நின்று, அந்த வீட்டு அண்ணனைத் திட்ட ஆரம்பித்தேன். "கட்டவெரல மட்டும் அனுப்புறியே அண்ணே, மிச்ச ஒடம்பு எங்க?" திட்டத் திட்டக் கை ஓடியது. அடுத்தது சுங்காய் அக்கா. "மாப்பிள்ள வந்துட்டாருன்னு அந்தப் பீத்து பீத்துன. அவருக்குப் புல்லு வெட்ட வராதாக்கா?" மொத்தப் புல்லையும் நான் பார்க்கவில்லை. அடுத்த வீட்டைத் திட்ட என்ன இருக்கிறது என்று மட்டும் யோசித்தேன். நிறையவே இருந்தது.

பொழுது சாயும்போது எங்கள் வீட்டுப் பங்கு மிஞ்சியது. கோயிலுக்குப் பின்னால், இருப்பதிலேயே சின்னது. அங்கே போய் நின்றேன். அப்பாவும் அம்மாவும் இல்லை. எங்கள் வீடு என்றால் இனி நான் ஒருவன்தான். நானோ வந்துவிட்டேன். யாரைத் திட்டுவது? மெசினை அணைத்துவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் வளர்ந்த கூட்டாளி இப்போது தெலுக் இந்தானில் செம்பனை எண்ணெய் மில்லில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டேன்.

"மச்சான், என்னைக் கொஞ்சம் திட்டு லா."

"டேய், கீலாவா நீ, மரை கழண்டுடுச்சா? நான் வேலையில இருக்கேன்."

"எங்க வீட்டுப் பங்கு மட்டும்தான் பாக்கி. எந்திரிக்க முடியல."

மில் இரைச்சல் குறைந்தது. வெளியே வந்துவிட்டான் போல.

"டயர் மூஞ்சி! பள்ளிக்கூடத்துலருந்துதான் பாதியில ஓடுன, இங்கருந்துமா? எந்திரிடா!"

எழுந்தேன். ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மெசின் கயிற்றை இழுக்கப் போன கையை நிறுத்தினேன். அது ஓடினால் அவன் குரல் கேட்காது.

மோட்டாரிலிருந்து பாராங் கத்தியை எடுத்துவந்து குனிந்தேன். அவன் என் மூக்கிலிருந்து ஆரம்பித்துத் திட்டிக்கொண்டிருந்தான். நான் மெதுவாகவே வெட்டினேன்.