முறுக்கிச் சேர்த்த கம்பிகள்

வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏசித் தண்ணீர்க் குழாயின் வாயில் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து, ஈரத்துணியால் இறுகச் சுற்றி, மறு கையால் சுவரைத் தொட்டபடி நிற்கிறார் ஆல்டன் கில்லரி. உள்ளே அடைத்த பாசி பிய்ந்து வரும்போது சுவரில் ஒரு சின்ன அதிர்வு ஓடும். அதுவரை பேசமாட்டார். பிறகு வாளிக்குள் எட்டிப் பார்ப்பார். பழுப்பாக, கொழகொழவென்று, ஒரு முழ நீளம். வீட்டுக்காரரிடம் காட்டாமல் அதைக் கொட்டுவதில்லை.

"மாசாமாசம் முதல் ஞாயித்துக்கிழமை, சர்ச்சுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி, ஒரு கப் வினிகர் ஊத்துங்க."

"எங்க ஊறுகா ஜாடிகூட இவ்வளவு குடிக்காதே, ஆல்டன்," என்கிறார் வீட்டுக்கார அம்மாள் லியோனா.

"ஊறுகா ஜாடி அடைச்சா உங்க கூரை விழாதும்மா."

லேக் சார்ல்ஸில் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை ஏசி ஓயாது. பரணில் இருக்கும் இயந்திரம் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வாளி வாளியாக வெளியே அனுப்பும். இருபத்தெட்டு வருடமாக ஆல்டனின் சோறு அந்தத் தண்ணீரில்தான். ஆனால் மதியச் சாப்பாட்டை வண்டியில் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வியர்த்துக்கொண்டே சாப்பிடுவார். "குளுருல தின்னா ருசி தெரியாது."

சென்ற அக்டோபரிலிருந்து ஒரு புதுப் பழக்கம். வேலை முடிந்தபின் மறுபடி பரணேறி, இயந்திரத்தின் அடியில் தண்ணீர் சேரும் தட்டிலுள்ள மிதவையை ஒற்றை விரலால் தூக்குவார். தண்ணீர் நிரம்பினால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய சுவிட்ச் அது. நின்றுவிட்டதா என்று கீழே நிற்பவரிடம் இரண்டு முறை கேட்பார்.

அதற்கு முந்தைய ஆகஸ்டில், அவருடைய அம்மா ஓடிலின் வீட்டில், குழாய் அடைத்ததால் இந்த சுவிட்ச்தான் இயந்திரத்தை நிறுத்தி நிறுத்தி வைத்தது. கொளுத்துகிற வெயில். அம்மாவுக்கு எண்பத்தொன்று. ஆல்டனுக்காக இன்னும் நான்கு வீடுகள் காத்திருந்தன. சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்தார். ஏசி ஓடியது. "சனிக்கிழமை வந்து குழாயச் சுத்தம் பண்றேம்மா."

மூன்று சனிக்கிழமைகள் போயின. அம்மா ஒரே ஒரு முறை போன் செய்தார். "அவசரமில்லப்பா. சொட்டுது, அவ்வளவுதான். வறுக்கிற சட்டிய கீழ வெச்சிருக்கேன்."

நான்காவது வாரம், அம்மா சர்ச்சில் இருந்தபோது, தண்ணீரில் ஊறிய படுக்கையறைக் கூரைப்பலகை கட்டில்மேல் விழுந்தது. ஆல்டன் ஓடிவந்து புதுப் பலகை அடித்தார், குழாயைச் சுத்தம் செய்தார், யாரும் பார்க்குமுன் சுவிட்சை மாட்டினார். அம்மா பார்த்தார். கேட்டவர்களிடமெல்லாம் "மெஷின் பழசு" என்றார். ஆனால் அந்த அறைக்குள் மறுபடி படுக்கவில்லை. அக்டோபரில் சோபாவிலேயே இதயம் நின்றது. கூரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். அதைக் கேட்டு ஆல்டனுக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. அந்த நொடியை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் சாப்பிடும்போது, டாலஸிலிருந்து வந்திருந்த அக்கா வெர்னெல், கூரை விழுந்தது இயந்திரத்தைப் பொருத்திய மிஸ்டர் ஹோபர்ட்டின் வேலையால்தான் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். ஆல்டன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் ஹோபர்ட்டைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஆல்டனைக் கூப்பிட ஆரம்பித்தன. லியோனாவின் வீடும் அவற்றில் ஒன்று. ஹோபர்ட் இன்னும் ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆல்டனோடு கைகுலுக்குகிறார்.

போன வாரம் அம்மாவின் வீட்டைக் காலி செய்ய வெர்னெல் வந்தார். சமையலறை மேசையில் மாநில உரிம அலுவலகத்தின் புகார்த் தாளை விரித்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அந்தாளு இனிமே யார் வீட்டுப் பரணுலயும் ஏறக் கூடாது. லைசென்ஸ் போகட்டும்."

"ஹோபர்ட் வேலை சுத்தம்க்கா."

"சுத்தமா? அம்மா ரெண்டு மாசம் சோபால கெடந்தாங்கடா. நீ பக்கத்துலயே இருந்துட்டு அவனுக்கு வக்காலத்து வாங்குற. வெக்கமா இல்ல?"

"இருக்கு."

அவர் குரலில் ஏதோ இருந்தது. வெர்னெல் நிமிர்ந்து பார்த்தார்.

"சுவிட்சக் கழட்டிட்டுக் கம்பிய முறுக்கிவிட்டது நான்தான். ஆகஸ்ட்ல. அம்மாவுக்குத் தெரியும்."

வெர்னெல் தாளின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆல்டன் பேனாவை வாங்கி ஹோபர்ட் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே தன் பெயரையும் உரிம எண்ணையும் எழுதினார், வாடிக்கையாளர் சீட்டுகளில் எழுதுவதுபோல நிறுத்தி, ஒவ்வொரு எழுத்தாக. அக்கா தாளை விடவில்லை. அது நடுங்கியது. எழுத்து கோணிவிடாதிருக்க, ஆல்டன் இன்னொரு கையால் அதை மேசையோடு அழுத்திக்கொண்டார்.