உதைப் பூட்டட்டோ?

மானிப்பாயில் பஞ்சலிங்கத்தாரைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் அன்று காலைதான் பஸ்ஸில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தால் அவரைத் தாங்க முடியவில்லை. சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டார்; றேடியோ திருத்தினார்; கணினி விற்றார். இன்று பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்து மென்பொருள் செய்விக்கிறார். ஒருவரிடமும் கைகட்டி நின்றதில்லை. இதை அவர் வாயால் கேளாத ஆளும் ஊரில் இல்லை.

அவருடைய கம்பனியின் சரக்கு, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதாகக் காட்டும் மென்பொருள். உள்ளே இருக்கிற வட்டு, வலையமைப்பு அட்டை எல்லாம் பாவனைச் சாமான்கள். உள்கணினியோ, கலியாணப் புறோக்கர் சொன்ன மாப்பிள்ளையை நம்பும் பெண்வீட்டாரைப்போல, அவற்றை மெய்யென்று எண்ணி வேலை செய்யும்.

அதை எழுதிய கெட்டிக்காரி கஜந்தினி. ஆனால் அவசரத்தில் எழுதியதால் மென்பொருளின் குடல் முழுவதும் திரையில் கிடந்தது. ஒரு வட்டைப் பூட்டுவதற்கு, அதாவது பொருத்துவதற்கு, எந்தப் பாதை, எந்த முகவரி என்று திரை விசாரணை வைக்கும். திரையில் உள்ள பெயர்தான் உள்ளேயும் பெயர் என்பதால், வெளியே ஒரு சொல்லை மாற்றினால் உள்ளே வட்டு காணாமற்போகும். கொழும்புப் பயிற்சி நிலையம் ஒன்றின் பொறுப்பாளர் ஜெனிற்றா வந்து பார்த்தாள்.

"இதைக் கண்டா எங்க பிள்ளைகள் ஓடிப்போவாங்க, ஐயா. அடுத்த முறையும் இப்படித்தான் எண்டா நாங்க வேற இடம் பாக்கிறோம்."

கம்பனிக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கை அந்த நிலையந்தான். அவள் போனதும் பஞ்சலிங்கத்தார் கஜந்தினியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, சாப்பிட வந்த ஆளைக் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டுபோய் எந்த அடுப்பு, எந்தச் சட்டியெண்டு கேக்கிறதோ? சோத்தைக் கொண்டுவந்து விறாந்தையிலை வை!"

"உள்ளை வேறை, வெளி வேறையாப் பிரிப்பம் எண்டு போன வருசமே நான் சொன்னனான், ஐயா. நீங்கள்தான் நேரமில்லையெண்டு துள்ளினியள்."

"ஓம், ஓம். நான் சொன்னாப் பிறகுதானே எதுவும் நடக்கும்."

நடந்தது. கஜந்தினி பாவனைச் சாமான்களை ஒரு பக்கமும் திரையை மறுபக்கமுமாகப் பிரித்து, நடுவில் ஒரு தூதனை வைத்தாள். திரை வட்டு வேண்டுமென்று கேட்டால் போதும். பாதை, முகவரியெல்லாம் தூதன் பாடு. திரையில் வரும் தமிழை மட்டும் பஞ்சலிங்கத்தார் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

"உள்ளுக்குள்ளை கிடக்கிற சாமானின்ரை பேர் ஒண்டும் வெளியிலை தலைகாட்டப்படாது. 'உது' எண்டு போடு. எது எண்டு பாக்கிற ஆளுக்குத் தெரியும்."

"கொழும்புச் சனத்துக்கு உது விளங்காது, ஐயா."

"ஏன், அவையள் தமிழரில்லையோ?"

ஜெனிற்றா மறுபடி வந்தாள். ஒரு வட்டைத் தெரிவு செய்தாள். திரையில் கேள்வி எழுந்தது: "உதைப் பூட்டட்டோ?"

அவள் சட்டென்று கையை எடுத்தாள். "இது யாரை உதைக்கப் போகுது?"

"உதைக்கிறேல்லை, மிஸ். உதை! உதை!" என்று பஞ்சலிங்கத்தார் அவள் பக்கமிருந்த திரையைச் சுட்டினார்.

"என்னையா?" ஜெனிற்றா கதிரையைப் பின்னால் தள்ளினாள்.

யாழ்ப்பாணத்தில் 'உது' என்றால் கேட்பவர் பக்கம் இருக்கிற பொருள். 'உதை' என்றால் அந்தப் பொருளை. கொழும்பில் பிறந்தவளுக்கு அது காலால் கொடுப்பது. கஜந்தினி வாயைப் பொத்திக்கொண்டு விளங்கப்படுத்தினாள். ஜெனிற்றா சிரிக்கவில்லை.

பஞ்சலிங்கத்தார் கஜந்தினியின் பக்கம் குனிந்தார். "மாத்தினால் வட்டுப் போயிடுமெல்லே, பிள்ளை?" என்று குசுகுசுத்தார்.

"அது பழைய கதை, ஐயா. இப்ப திரை தன்ரை பாட்டிலை, சாமான் தன்ரை பாட்டிலை."

ஜெனிற்றாவின் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் திரை, "இந்த வட்டைப் பொருத்தவா?" என்று மரியாதையாகக் கேட்டது. அவள் சம்மதம் கொடுத்தாள். வட்டு பொருந்தியது; ஏற்கெனவே பூட்டியிருந்தவையும் இருந்தபடி இருந்தன. இன்னும் சில சொற்களை மாற்றச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை.

"இதைத்தான் நாங்க தேடினோம்," என்றாள். இப்போதுதான் சிரித்தாள்.

அன்று பின்னேரம் சந்தியில் பஞ்சலிங்கத்தாரின் குரல்தான் உயர்ந்து கேட்டது. "பிழையான சொல்லை வேணுமெண்டுதான் போட்டனான். இல்லாட்டி நாங்கள் பிரிச்சு வைச்ச வடிவு அந்த மிஸ்ஸுக்கு எப்பிடித் தெரியும்?"

மறுநாள் திரைத் தமிழ் முழுவதையும் கஜந்தினியிடமே ஒப்படைத்தார்.

"எனக்கு உதுக்கெல்லாம் நேரமில்லை, பிள்ளை."