ஒன்பதாம் வார்டு நோட்டீஸ்

ரிப்பனை ஒதுக்கி வைத்திருந்த தமிழ் டைப்ரைட்டரில் விரல்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. உருளையில் சுற்றியிருந்தது வெள்ளைத் தாள் அல்ல, ஸ்டென்சில் என்னும் மெழுகுத் தாள். எழுத்து விழும் இடத்தில் மெழுகு விலகும். ரோனியோ மெஷினில் மாட்டிச் சுற்றும்போது அந்த வழியாக மை இறங்கித் தாளில் பதியும். மெதுவாகத் தட்டினால் எழுத்து திறக்காது. ஓங்கித் தட்டினால் ‘ழ’வின் சுழி பெயர்ந்து விழுந்து, அச்சில் கறுப்புப் பொட்டாக நிற்கும். சுண்டுவிரலுக்குப் பலம் குறைவு, ஆள்காட்டி விரலுக்குக் கூடுதல். இரண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவர அந்தக் கைகளுக்குப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

‘ஒன்பதாம் வார்டு மக்களுக்கு உங்கள் உறுப்பினர் தெரிவித்துக்கொள்வது’ என்று தலைப்பு விழுந்தது. கீழே செய்திகள். மேலத்தெருவில் எரியாமல் கிடந்த நாலு டியூப்லைட்டும் மாற்றப்பட்டன. சாக்கடை தூர் வாரப்பட்டது. அள்ளிப் போட்ட மண் இந்த வாரத்துக்குள் அகற்றப்படும். சிமெண்ட் லாரி போகும் சாலையில் புழுதி அடங்க இருவேளையும் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

‘செய்திருக்கிறேன்’ என்ற இடத்தில் விரல்கள் நின்றன.

அந்தப் புழுதிக்காக முதன்முதலில் மனு எழுதி, வீடு வீடாகப் போய் நூற்றிருபது கையெழுத்து வாங்கியவை இதே கைகள். அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது எவளோ ‘செய்திருக்கிறேன்’ என்கிறாள், அதையும் இவளே அடிக்க வேண்டியிருக்கிறது.

கமலவேணிக்குச் சொந்த ஊர் தா.பழூர். பத்தாம் வகுப்பு முடித்ததும் பஸ் ஏறி அரியலூருக்கு வந்து டைப் படித்தாள். ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. ஸ்டென்சில் வெட்ட யாரும் சொல்லித் தரவில்லை. இன்ஸ்டிடியூட்டில் கெட்டுப்போனதென்று தூக்கிப் போட்ட தாள்களைப் பொறுக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எங்கே அழுத்தம் கூடியது, எங்கே குறைந்தது என்று பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். கல்யாணமாகிக் கடைத்தெரு மாடியில் தனி அறை பிடித்து உட்கார்ந்த பிறகு, கூட்டுறவு சங்கம், பள்ளிக்கூடம், பேரூராட்சி எல்லாம் அவளிடம்தான் வந்தன. அவள் வெட்டிய ஸ்டென்சிலில் திருத்தம் இருக்காது. ஒரு எழுத்து பிசகினால் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவாள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒன்பதாம் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. தெருவே அவள் வாசலில் வந்து நின்றது. “எங்களுக்காக இத்தன மனு எழுதுனவ நீ. நீயே நில்லு தாயி” என்றார்கள். அவள் நின்றாள். எதையும் முறையாகச் செய்கிறவள் இல்லையா, வேட்புமனு ஏதாவது காரணத்தால் தள்ளுபடியானால் என்ன செய்வது என்று, வழக்கப்படி மாற்றுக்கு ஒரு ஆளையும் தேடினாள். அதே இன்ஸ்டிடியூட்டில் தனக்குப் பின்னால் சேர்ந்து, லோயரிலேயே இரண்டு தடவை கோட்டை விட்ட பரிமளாதான் கைக்குக் கிடைத்தாள்.

“நீ சும்மா டம்மிக்குத்தான். எப்புடியாவது எழுதிக் குடு. அப்பறம் வாபஸ் வாங்கிடலாம்.”

மனுக் கொடுக்கக் கடைசி நாளன்று பரிமளாவும் எப்படியோதான் எழுதினாள். இரண்டு இடத்தில் அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, இரண்டு மணிக்கே நீட்டிவிட்டு வந்தாள். கமலவேணியின் மனுவில் வாக்காளர் பட்டியல் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. அடித்து எழுதலாம் என்றார்கள். அவளுக்குக் கை வரவில்லை. புது மனு வாங்கி, முதல் வரியிலிருந்து எழுதினாள். அதில் கணவர் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிற்று. மூன்றாவது மனு, ஒரு பிசிறில்லாமல், அச்சடித்தது போல இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் படியேறியபோது அதிகாரி சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார்.

“மூணு மணி வரைக்குந்தாம்மா நேரம். இப்ப மூணு பத்து.”

டம்மி ஜெயித்தது. எழுபத்து மூன்று ஓட்டு வித்தியாசம்.

ஒன்றரை வருஷமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிமளா ஒரு நோட்டுத் தாளில் கோழி கிளறியது போல எழுதிக் கொண்டுவந்து, “அக்கா, நீங்க பாத்து அழகா அடிச்சிக் குடுங்க” என்பாள். கமலவேணி வாக்கியத்தைச் சீராக்குவாள், தலைப்புப் போடுவாள், பத்தி பிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டீஸ் வீட்டுக்கு வீடு போகும். திங்கட்கிழமை குழாயடியில் யாராவது சொல்வார்கள்: “பரிமளா எவ்ளோ தெளிவா எழுதுது பாரேன்.” அன்றைக்குக் கமலவேணிக்குச் சோறு இறங்காது. இத்தனைக்கும் பரிமளா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக வெறுக்கலாம்.

இந்தத் தடவை தாளில் கடைசிப் பத்தி முக்கியமானது. மேலத்தெருவுக்கும் குறுக்குச் சந்துக்கும் புதிதாகக் குழாய் பதித்தாகிவிட்டது. வீட்டு இணைப்பு வேண்டியவர்கள் பேரூராட்சி அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் ஏப்ரல் 27 என்று பரிமளா எழுதியிருந்தாள்.

கமலவேணிக்குத் தெரியும், அது 17. போன செவ்வாய்க்கிழமை அலுவலக அறிவிப்பை அடித்துக் கொடுத்ததே அவள்தான். ‘17-ஆம் தேதி மாலை 3 மணிக்குள். பின்னர் வரும் மனுக்கள் ஏற்கப்படமாட்டா.’ அந்த மூன்று மணி என்பதைத் தன் கையாலேயே அடித்தவளுக்கு அது மறக்கவில்லை.

பரிமளாவின் தாளில் இருந்த தேதியை மறுபடி ஒரு தரம் படித்தாள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததை எழுதியபடி அடி என்பது இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். தெருவே இருபத்தேழாம் தேதி போய் நிற்கும். கதவு சாத்தியிருக்கும். அப்புறம் குழாயடியில் பேச்சு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க இனிப்பாக இருந்தது. விரல் இரண்டைத் தட்டியது. அடுத்து ஏழைத் தட்டியது. அழுத்தம் கச்சிதம்.

பெயரையும் அடித்து முடித்து, தாளை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. குறுக்குச் சந்துக் கலியம்மாள், வெயிலில் முகம் சிவந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“யம்மாடி, என்னா படி இது! கமலம், பைப்புக்கு எளுதிக் குடுக்கணுமாமே, எப்பன்னு தெரியுமா?”

கமலவேணி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாளைக்கு நோட்டீஸ் வருதுல்ல.”

“அதான் எங்க வூட்டுக்காரரும் சொல்றாரு. நோட்டீஸ் வரட்டும், அதுல என்னா போட்டுருக்கோ அதாண்டி சரி, ஆபீஸ்ல நாலு பேரு நாலு தேதி சொல்லுவான்னு. எங்க சந்துல எல்லாரும் அப்புடித்தான். அந்த நோட்டீஸ்ல இதுவரைக்கும் ஒரு தப்பு வந்துருக்கா, சொல்லு? சும்மா சொல்லப்படாது, பரிமளாவுக்கு மூள சுத்தம்.”

“பரிமளாவுக்கா?”

“பின்ன? லைட்டு எந்தக் கம்பத்துல எரியலன்னு நம்பரு மொதக்கொண்டு போட்டுச்சே.”

கம்பத்து நம்பரைப் போட்டது கமலவேணி. பரிமளா எழுதி வந்தது ‘அந்த வேப்பமரத்துக்கிட்ட’ என்று.

“தண்ணி ஒண்ணு குடு கமலம். நாலு கொடம் தூக்கியே இடுப்பு போச்சு. பைப்பு மட்டும் வந்துரட்டும், மூணு நாளைக்கி எந்திரிக்காம படுத்துக் கெடக்கப் போறேன். எங்க மாமியா கத்தட்டும்.” சொம்புத் தண்ணீரைத் தூக்கிக் குடித்துவிட்டு, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கமலவேணி மறுபடி தாளைத் தூக்கிப் பிடித்தாள். ஒவ்வொரு எழுத்தும் வெளிச்சத்தில் தனித்தனியாக மின்னியது. அழகான வேலை. அதன் நடுவில் அந்த 27 முறைத்துக்கொண்டிருந்தது. கலியம்மாளின் இடுப்பை நினைத்து அவள் மனம் இளகியது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ‘ஒரு தப்பு வந்துருக்கா, சொல்லு?’ என்றதுதான் குத்தியது. அந்தப் பேர் யாருடையது? அதைச் சம்பாதித்தது யார்? ஒன்றரை வருஷமாக ஊரே பரிமளாவுக்குப் போட்ட மாலை, கமலவேணி கட்டிய மாலை. தன் கையாலேயே அதைப் பிய்த்துப் போட வேண்டுமா? பரிமளா கவுன்சிலர் பதவியைத்தான் எடுத்துக்கொண்டாள், இதையும் அவளுடைய அலட்சியத்துக்குக் கொடுக்க முடியாது.

புதுத் தாளை எடுத்தாள். மணியைப் பார்த்தாள். நாலாகப் பத்து நிமிஷம். முழுதாக வெட்ட ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். ரோனியோக்காரர் பழனிவேல் ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு விக்கிரமங்கலம் பஸ் ஏறிவிடுவார், இனித் திங்கள்தான். புதுத் தாள் கையிலேயே இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்தது. இன்னொரு சுவரில் இருந்த கடிகாரமும் நினைவுக்கு வந்தது.

புதுத் தாளைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். மேசை இழுப்பறையின் அடியில், யாரோ விற்க வந்தவன் கொடுத்துவிட்டுப் போய், மூடி திறக்காமலே கிடந்த, ஸ்டென்சிலில் திறந்த எழுத்தை அடைக்கும் சிவப்புத் திருத்த மருந்துப் புட்டியை எடுத்தாள். மூடி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத் திறந்தாள். மயிர்க்கனத் தூரிகையில் ஒரு துளி தொட்டு இரண்டின் மேல் மட்டும் வைத்து, ஊதாமல், தானாகக் காயவிட்டாள். பிறகு தாளைத் திரும்ப உருளையில் ஏற்றினாள். ஒரு முறை உருவிய தாளை அதே கோட்டில் உட்கார வைப்பது லேசில்லை. நூலளவு ஏறினாலும் எண் துள்ளி நிற்கும். பக்கத்து ஏழின் அடியோடு கண்ணை வைத்து, உருளையை விரல்நுனியால் நகர்த்தி, பிடித்து, ஒன்றை ஒரே தட்டாகத் தட்டினாள்.

படியில் செருப்புச் சத்தம். பரிமளா எப்போதும் போல இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். கையில் பால் பாக்கெட், தலையில் பாதி உதிர்ந்த கனகாம்பரம்.

“அக்கா, முடிஞ்சுதா? அந்தாளு கெளம்பிருவாரு.”

“வாங்க கவுன்சிலரம்மா. ஒக்காருங்க.”

“ஐயே, நீங்க வேற. கவுன்சிலரம்மாவாம்! எங்க வூட்ல எனக்குக் காப்பி போட ஆளில்ல.” தாளை எட்டிப் பார்த்தவளின் கண் நேராக அந்த இடத்துக்குப் போயிற்று. “என்னாக்கா, செவப்பா இருக்கு? உங்க கையிலயா திருத்தம்!”

“உன் தேதி தப்பு. இருபத்தேழு இல்ல, பதினேழு.”

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் வாடும், குறைந்தது ஒரு நிமிஷமாவது வாடும் என்று காத்திருந்தாள்.

“பதினேழா!” பரிமளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். உடனே சிரித்துவிட்டாள். “நல்லவேள, பாத்தீங்க. தெருவே என்னய வெளக்குமாத்தால அடிச்சிருக்கும். சரி, மாத்தியாச்சுல்ல? மெஷின்ல ஓடும்ல?”

“ஓடும்.”

“அப்பறம் என்னா! விடுங்க.”

அவ்வளவுதான். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஒன்றை அடித்து இன்னொன்றை எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டு, நீட்டிவிட்டுப் போகிற அதே முகம். கமலவேணிக்கு நெஞ்சு எரிந்தது. பதவிக்காக எரிந்ததைவிட இது அதிகமாக எரிந்தது.

தாளை மடங்காமல் இரண்டு பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்தாள். மூலைகளைச் சரி பார்த்தாள். மேலே கனமில்லாத அட்டை ஒன்றை வைத்து இரண்டு கையாலும் தூக்கினாள்.

“அந்த எடத்துல கை வைக்காத. வெயில்ல புடிக்காத. பழனிவேல் கிட்ட மொத பத்துத் தாளு ஓட்டிப் பாக்கச் சொல்லு. தேதி தெளிவா விழுதான்னு நீயே நின்னு பாரு.”

“பாக்கறேங்க்கா.”

“பாக்கணும்.”

பரிமளா பால் பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். கமலவேணி, மணியை ஒரு தரம் பார்த்துவிட்டு, கொடுத்தாள்.